டர்பனில் ஒரு ஆல்ஃபா ஜிடிவி6-ஐக் கட்டி மேய்ப்பது எப்படி

ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6 என்ற பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே "அது மூடு வந்தால்தான் ஓடும்" என்பார்கள். அந்த வண்டிக்கு மூடு எதுவும் கிடையாது. காய்ந்த ரப்பர், பச்சை பிடித்த எர்த் வயர், காலக்கெடு தாண்டிய பெல்ட் ஆகிய மூன்றும்தான் அதன் கோபதாபங்களில் பெரும்பகுதி. மூன்றையும் நாட்காட்டி பார்த்து மாற்றுகிறவருக்கு வண்டி ஒழுங்காக ஓடும். கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து மாற்றுகிறவர் ஃபிளாட்பெட் லாரிக்காரருக்குத்தான் சம்பாதித்துக் கொடுப்பார்.

இந்தக் குறிப்பு 2.5 லிட்டர் வி6 (2,492 சிசி) எஞ்சினும் போஷ் எல்-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷனும் உள்ள வண்டிக்கானது. ஆல்ஃபாவின் பிரிட்ஸ் தொழிற்சாலையில் தென்னாப்பிரிக்காவுக்கென்றே, குரூப் 1 பந்தய விதிகளுக்காக இருநூற்றுச் சொச்சம் மட்டும் செய்த 3.0 லிட்டர் (2,934 சிசி) வண்டி வேறு ரகம். அதில் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்குப் பதில் ஆறு கார்புரேட்டர்கள் இருக்கும். யாராவது உங்களிடம் "இது 3.0" என்று விற்க வந்தால், எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடாமல் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள். பின்னாளில் 3 லிட்டர் எஞ்சின் மாற்றிய 2.5 வண்டிகள் ஊரில் நிறைய உண்டு. ஓட்ட நன்றாகவே இருக்கும், ஆனால் அசலின் விலை அவற்றுக்கு இல்லை.

எங்கே வாங்குவது

கடலோரத்தில் உள்ளவர் கௌடெங்கில் வாங்குவது நல்லது. காரணம் துரு. ஜோகனஸ்பர்க், லெனேஷியா பக்கம் குளிர்காலம் காய்ந்து கிடக்கும், காற்றில் உப்பு இல்லை. டர்பனின் கடலோரப் பகுதிகளான மெர்பேங்கிலும் ஐசிப்பிங்கோவிலும் வெளியே நின்ற வண்டியின் தகடு உள்ளிருந்தே தின்னப்பட்டிருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்கடியில் உள்ள சில் பகுதியின் இரு முனைகள், முன் சக்கர மட்கார்டின் பின்பக்கக் கீழ்மூலை, முன் கண்ணாடியின் அடிவிளிம்பு, பின் கதவின் கீழ்விளிம்பு, கால்மிதிக்கு அடியில் தரை. கையோடு ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். அது ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது தகடல்ல, புட்டி. எஞ்சின் கெட்டுப்போன, தகடு நல்ல வண்டி ஒரு பக்கம், எஞ்சின் பாடுகிற, தகடு அரித்த வண்டி மறுபக்கம் என்றால் முதலாவதை எடுங்கள். எஞ்சின் வேலைக்கு ஒரு முடிவு உண்டு. தகடு வேலை திறக்கத் திறக்க வளரும்.

வாங்கிய வண்டியை என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பனுக்கு ஓட்டி வரலாம் என்று ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வயது தெரியாத டைமிங் பெல்ட்டோடு 550 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் வான் ரீனன் கணவாய் என்பது வீண் சூதாட்டம். லாரியில் ஏற்றி வாருங்கள். பெயர் மாற்றத்துக்கு ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் வேண்டும். எடுத்த நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். இந்த வண்டி அந்தச் சோதனையில் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஹேண்ட்பிரேக்கும் எண்ணெய்க் கசிவும். ஆகவே சோதனைக்குப் போகும் முன்பே பின் பிரேக்கைப் பார்த்துவிடுங்கள்.

மேட்டுநிலத்து டியூனிங் கடலோரத்தில் செல்லாது

இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஜோகனஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று மெல்லியது. எல்-ஜெட்ரானிக் உள்ளே போகும் காற்றை ஒரு மடிப்புத் தகட்டை வைத்து அளக்கிறது. அந்தத் தகட்டுக்குக் காற்றின் எடை நேரடியாகத் தெரியாது. அதனால் உயரத்தில் பெட்ரோல் சற்று அதிகமாகப் போகும். அங்குள்ள மெக்கானிக் புகையைப் பார்த்து அதைக் குறைத்து வைத்திருப்பார். அதே வண்டி டர்பனுக்கு இறங்கியதும் பெட்ரோல் போதாமல் தவிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்ஸரில் வெடிச்சத்தம் வரும், மிதித்ததும் ஒரு கணம் தயங்கும், வெப்ப முள் வழக்கத்தைவிட மேலே நிற்கும்.

சரிசெய்யும் இடம், காற்று அளவிடும் பெட்டியின் மேல் ஒரு மூடிக்கடியில் உள்ள ஆலன் திருகு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும். எஞ்சின் நன்றாகச் சூடான பின், புகைச் சோதனைக் கருவியை வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் செய்யுங்கள். காதால் கேட்டுச் செய்வது வேண்டாம்.

இக்னிஷன் டைமிங்கும் அப்படியே. உயரத்தில் எஞ்சினுக்குள் அழுத்தம் குறைவு என்பதால் 93 ஆக்டேன் பெட்ரோலிலும் டைமிங்கை முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். கடல்மட்டத்தில் அப்படி வைத்தால் எஞ்சினுக்குள் தட்டல் சத்தம் வரும். டைமிங் லைட் வைத்துத் தொழிற்சாலை அளவுக்கே திருப்புங்கள், 95 மட்டும் ஊற்றுங்கள்.

முதல் மாதம்: ஓட்டுவதற்கு முன்

முந்தைய உரிமையாளர் "எல்லாம் செய்தாயிற்று" என்று சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத வேலை நடக்காத வேலை. சாமிக்குக் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கிய கையோடு கீழே உள்ளவற்றையும் முடித்துவிட்டால் அம்மனுக்கும் சுமை குறையும்.

முதல் வேலை பெட்ரோல் ஹோஸ். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு குட்டி ரப்பர்க் குழாய் உண்டு. அது வெடித்தால் அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும். இந்த வகைக் கார்கள் எரிந்துபோவதற்கு இதுதான் முதல் காரணம். ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸ் ஆகாது, இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும் என்று கடையில் சொல்லிக் கேளுங்கள். பல்லுள்ள திருகு கிளாம்ப் ரப்பரை அறுக்கும். ஓரம் மடித்த இன்ஜெக்ஷன் கிளாம்ப் வாங்குங்கள். டாங்க்கிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து ஃபில்டர் என்று பின்பக்கம் உள்ள ஹோஸ்களையும் மறக்க வேண்டாம். யாரும் குனிந்து பார்க்காத இடம் அது.

அடுத்தது டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போயிற்று. 3 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது கெடு. பழைய வண்டிகளில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எஞ்சின் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. அதன் சீல் கசிந்து எண்ணெய் பெல்ட்டில் படும், எண்ணெய் பட்ட பெல்ட் கெடுவரை தாங்காது. ஆயில் தேவையில்லாத, பிந்தைய ஆல்ஃபா 164 மாடலின் மெக்கானிக்கல் டென்ஷனரை மாட்டி, ஆயில் வரும் துளையை அடைத்துவிடுவதே நிரந்தர வைத்தியம்.

வேலை நடக்கும் வரிசை இது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பாட்டரியைக் கழற்றுங்கள், கூலன்ட்டை வடித்து ரேடியேட்டரை எடுத்தால் கை நுழைய இடம் கிடைக்கும். மேலே உள்ள காற்றுக் குழாய்களைக் கழற்றி இரண்டு கேம் மூடிகளையும் திறங்கள், திறந்த மூடிக்குப் புது கேஸ்கட் கட்டாயம். கிராங்க்கை வலஞ்சுழியாகத் திருப்பி, புல்லியில் உள்ள 'பி' குறியை முள்ளுக்கு நேரே கொண்டுவாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் 1-ஆம் சிலிண்டரைக் காட்டினால் சரி, இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. இப்போது இரண்டு கேம்களிலும் உள்ள கோடு அவற்றின் பேரிங் மூடியில் உள்ள கோட்டோடு சேர வேண்டும். டென்ஷனர் நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை அழுத்தி, ஒரு ஆணியைச் செருகி நிறுத்தி, பெல்ட்டை எடுங்கள். பெல்ட் கழன்றதும் வால்வு ஸ்பிரிங் கேமைத் தானாகச் சுழற்றப் பார்க்கும். இங்கே இன்னொருவர் ஸ்பேனரோடு கேமைப் பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது. டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவதும் இதே பெல்ட் என்பதால் அந்தப் புல்லியும் நகரக்கூடாது.

புது பெல்ட்டை மாட்டும்போது தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கம் வரட்டும். ஆணியை எடுத்து டென்ஷனரை விடுங்கள். கையால், வலஞ்சுழியாக மட்டும், கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி 'பி'-க்கு வாருங்கள். மூன்று குறிகளும் சேர்ந்தால் நட்டை இறுக்கலாம். ஒரு பல் தவறியிருந்தால் முதலிலிருந்து செய்வதுதான் வழி. முன்பக்கம் திறந்திருக்கும்போதே வாட்டர் பம்ப்பையும் முன் ஆயில் சீல்களையும் மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலையைவிட மறுபடி திறக்கும் கூலி அதிகம். வேறொருவரிடம் கொடுத்துச் செய்தால், கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஆயில் 20டபிள்யூ-50. எஞ்சின் ஒரு 5 லிட்டர் டின்னில் அடங்காது, இரண்டாக வாங்கி வையுங்கள், மீதி டாப்-அப்புக்கு ஆகும்.

கூலன்ட் விஷயத்தில் சோம்பல் கூடாது. இது அலுமினிய எஞ்சின், உள்ளே தண்ணீரில் நனைந்தபடி நிற்கும் தனி லைனர்கள் (சிலிண்டர் உறைகள்). குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அலுமினியம் அரிக்கும், ஹெட் கேஸ்கட் போகும். கிளைகால் கூலன்ட்டும் வடிகட்டிய தண்ணீரும் சரிபாதி, 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம். ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் லைனர்களைக் கிளாம்ப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கிராங்க்கைத் திருப்ப வேண்டும். லைனர் தூக்கிக்கொண்டால் அடியிலுள்ள சீல் விடும், கூலன்ட் ஆயிலில் இறங்கும்.

பின்பக்கம்

ஜிடிவி6-இல் எஞ்சின் முன்னே, கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பின்னே. எடை இரு அச்சுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிடப்படுவது இதனால்தான், வளைவில் வண்டி காட்டும் அந்தச் சமநிலையும் இதனால்தான். இதற்கு விலையும் உண்டு. கிளட்ச் பின்னால் இருப்பதால் நடுவே ஓடும் புரோப்ஷாஃப்ட் (சுழல் தண்டு) எப்போதும் எஞ்சின் வேகத்திலேயே சுழலும். அதை இணைப்பவை டோனட் எனப்படும் மூன்று ரப்பர் வளையங்கள். ரப்பர் வெடித்தால் வண்டி முழுக்க அதிரும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து எஞ்சினை மெதுவாக நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்தால் டோனட் அல்லது புரோப்ஷாஃப்ட். ஓடும்போது மட்டும் அதிர்ந்தால் டயர், சக்கரம் பக்கம் பாருங்கள். இது தெரியாமல் நாலு தடவை வீல் பேலன்ஸ் செய்தவர்கள் உண்டு.

மூன்று டோனட்டையும் நடு பேரிங்கையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றும் முன் புரோப்ஷாஃப்ட்டின் இரு துண்டுகளிலும் ஃபிளைவீலிலும் பெயின்ட்டால் நேர்கோடு போடுங்கள். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் பேலன்ஸ் கெடும். புது டோனட்டைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை இறுக்கியிருக்கும். அதை வெட்டாமல் போல்ட்களை நுழைத்து, எல்லாம் இறுகிய பிறகே வெட்டுங்கள். போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புங்கள். மாற்றிச் செய்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும்.

2-ஆம் கியர் இந்த வண்டியின் பேர்போன பலவீனம். உறுமினால் உடனே கியர்பாக்ஸைக் கழற்றாதீர்கள். எஞ்சின் ஓடும்போது கிளட்ச்சை முழுக்க மிதித்து, மூன்று விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. குற்றவாளி பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரோ, அதற்குப் போகும் ரப்பர் ஹோஸோதான். ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். இரண்டையும் மாற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். ரிவர்ஸ் அமைதியாக விழுந்து 2 மட்டும் இன்னும் உறுமினால், அப்போதுதான் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) போயிற்று என்று பொருள்.

பின் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருக்கின்றன. பேட் மாற்ற வண்டிக்கடியில் போக வேண்டும், அதனாலேயே பல மெக்கானிக்குகள் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். கியர்பாக்ஸ் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே டிஸ்க்கில் படும். ஹேண்ட்பிரேக் இதே காலிப்பரில் வேலை செய்வதால் பிஸ்டன் துருப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். டர்பன் காற்றின் ஈரத்துக்குப் பிரேக் ஆயிலை ஆண்டுதோறும் மாற்றுவதே சரி. டாட் 4 போதும்.

ஸ்டார்ட் ஆகவில்லை, நின்றுபோகிறது

கம்ப்யூட்டர் பெட்டியைக் குறை சொல்லும் முன் எர்த் வயர்களைப் பாருங்கள். எஞ்சின் மேலும் பாடி மேலும் திருகியுள்ள ஒவ்வொரு எர்த்தையும் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, திரும்ப மாட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். கடலோரத்தில் இதை ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமைக் காலை போதும். "இசிஎம் போச்சு" என்று சொல்லப்பட்ட வண்டிகளில் பாதி இதிலேயே எழுந்துவிடும்.

சாவியைத் திருப்பும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால், காற்றுப் பெட்டிக்குள் இருக்கும் பம்ப்பின் மின் தொடர்பைப் பாருங்கள். காற்றுத் தகடு அசைந்தால்தான் பெட்ரோல் பம்ப் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். தொடர்பு அழுக்காக இருந்தாலோ, காற்று வேறு வழியில் புகுந்து தகடு அசையாவிட்டாலோ பம்ப் நின்றுவிடும்.

காற்றுக் கசிவுக்கு ஒரு காசில்லாச் சோதனை: ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் ஏற்கெனவே வேறெங்கோ காற்று புகுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுப் பெட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பு ரப்பர்க் குழாய், அதிலும் மடிப்பின் அடிப்பக்கம். கையால் விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும்.

குளிரில் பிடித்து, சூட்டில் புகைந்து பெட்ரோல் நாறினால் கூலன்ட் வெப்ப சென்ஸரை மீட்டரால் அளந்து பாருங்கள். 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம், 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி வர வேண்டும். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் காட்டினால் எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். சென்ஸர் சரியாக இருந்தால் அதன் பிளக்கைப் பாருங்கள்.

எப்படி ஓட்டுவது

குளிர்ந்த எஞ்சினை நின்ற இடத்தில் சூடாக்க வேண்டாம். பிடித்த அரை நிமிடத்தில் கிளம்பி, 3,000-க்குள் ஓட்டுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயில் சூடாகிவிட்டது என்று பொருளில்லை, இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் அதற்கும் பின்னால்தான் சூடாகும். அதுவரை 1-லிருந்து 2-க்கு மாற்றும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு நிறுத்தி மாற்றுங்கள். கியரைக் குறைக்கும்போது டபுள் கிளட்ச் (நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு மறுபடி மிதிப்பது) செய்யப் பழகினால் சிங்க்ரோ ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

சூடானபின் இது வேறு வண்டி. இந்த வி6-ஐ வடிவமைத்தவர் ஜுசெப்பே புஸ்ஸோ. அவர் பெயரால் அழைக்கப்படும் எஞ்சின் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் எல்லோரும் 4,000-க்கு மேல் வரும் அந்த ஒலியைத்தான் பேசுகிறார்கள். எம்4 நேர்சாலையில் அதைக் கேட்கலாம். ஆனால் ஞாயிறு விடியலில் பழைய மெயின் ரோடு ஆர்103-இல் போத்தாஸ் ஹில் ஏறி டிரம்மண்ட் பக்கம் போனால்தான் பின்பக்கக் கியர்பாக்ஸ் எதற்கு என்று புரியும். வளைவுக்கு முன் பிரேக்கை முடித்து, 3-ஆம் கியரில் லேசாக ஆக்சிலரேட்டரை வைத்தபடியே நுழையுங்கள். நடுவில் திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் இலேசாகும். சைக்கிள்காரர்கள் நிறைய வரும் சாலை அது, வேகத்தை அடக்கி வையுங்கள். டயர் 195/60 ஆர்15. மேல்வரிப் பூ எவ்வளவு மீதி இருந்தாலும் 6, 7 ஆண்டு ஆனதும் மாற்றுங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

செலவுக் கணக்கு

வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொண்டு வாங்குங்கள். மேலே சொன்ன முதல் மாத வேலைகளுக்கே அது கரையும். கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்தவர்தான் ஆறே மாதத்தில் "அப்படியே எடுத்துக்கொள்ளலாம்" என்று விளம்பரம் போடுகிறவர்.

பிளக், ஃபில்டர், ஹோஸ், பேரிங், சீல் எல்லாம் உம்கெனி ரோடு கடைகளில் தேடினால் கிடைக்கும். பேரிங்குக்கும் சீலுக்கும் ஆல்ஃபா பெயரைச் சொல்லாதீர்கள், பழையதைக் கையில் கொண்டுபோய் அதில் உள்ள அளவு எண்ணைக் காட்டுங்கள், விலை இறங்கும். டோனட், டென்ஷனர், கிளட்ச், சிங்க்ரோ ஆகியவை ஐரோப்பாவிலிருந்துதான் வரும். யூரோ விலையோடு கூரியர், சுங்கம், 15 சதவீத வாட் எல்லாம் சேரும். ஒவ்வொன்றாக வரவழைத்தால் கூரியர் செலவே பாகத்தின் விலையைத் தொடும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டு மொத்தமாக வரவழையுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சந்தை விலைக்கு எடுக்காதீர்கள். இழப்பு நேர்ந்தால் நாற்பது வருடப் பழைய கார் என்று கணக்குப் போட்டுக் கையில் சில்லறை கொடுப்பார்கள். மதிப்பீட்டுச் சான்றும் புகைப்படங்களும் கொடுத்து, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கு எடுங்கள். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான், இரவில் பூட்டிய கராஜில்தான் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறைவதுண்டு. எழுதிக் கொடுத்ததை மீறி ஓட்ட வேண்டாம். லைசென்ஸ் டிஸ்க் (ஆண்டு உரிமம்) கட்டணம் வண்டியின் எடையை வைத்துக் கணக்கிடப்படுவது, இந்த இலேசான வண்டிக்கு அது பெரிய சுமையில்லை.

பெட்ரோல், பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. கலந்து ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் என்று வையுங்கள். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டினால் 700 லிட்டர். மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும் 95-இன் கடலோர விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதே 5,000 கிலோமீட்டருக்கான பெல்ட், ரப்பர், ஆயில், பிரேக் ஆயில், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் ஆண்டுகளுக்குப் பிரித்துக் கூட்டினால் பெரும்பாலும் பெட்ரோலைவிட அதிகம் வரும். ஓட்டாமல் கராஜில் மூடி வைத்தாலும் இந்த இரண்டாவது கணக்கு குறையாது. நின்ற வண்டியில் கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளும், பிரேக் பிஸ்டன் துருப்பிடிக்கும், டாங்க்கில் பெட்ரோல் கெடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, ஆயில் முழுக்கச் சூடாகும்படி 30 கிலோமீட்டர் ஓட்டி, கடற்கரைப் பக்கம் போயிருந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள்.